அடுப்புக் கணக்கு

ஒரு குடிசைப் பகுதிக்கு வீட்டுத் திட்டம் வருகிறதென்றால் பொக்லைனுக்கு முன்னால் வருவது கணக்கெடுப்பு. படிவக் கட்டு, கார்பன் தாள், கதவில் எண் எழுத ஒரு டப்பா பெயின்ட். கோவை மாநகராட்சியில் சமுதாய அமைப்பாளராக நான் சேர்ந்தபோது ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம் சூடு பிடித்திருந்தது. 2005 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய திட்டம் அது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, கோவை மூன்றும் அதில் இருந்தன. நகர்ப்புற ஏழைகளுக்கான அடிப்படை வசதிகள் என்று அதில் ஒரு தனிப் பிரிவு. வாய்க்கால் ஓரத்திலும் குளக்கரையிலும் இருந்தவர்களுக்கு அடுக்குமாடி வீடு என்ற பேச்சு அந்தப் பிரிவின் வழியாகத்தான் எங்கள் ஊருக்குள் வந்தது.

எனக்கு வேலை பழக்கிய மூத்த அமைப்பாளர் முதல் வாரத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட்டார். "கதவை எண்ணாதே, அடுப்பை எண்ணு." குளக்கரைக் குடிசையில் ஒரே கதவுக்குள் மாமியார் ஒரு பக்கம் சமைப்பார், கல்யாணமான மகன் தடுக்குக்கு அந்தப் பக்கம் சமைப்பான். கதவைக் கணக்கிட்டால் ஒரு வீடு. அடுப்பைக் கணக்கிட்டால் இரண்டு குடும்பம். அந்த இரண்டாவது குடும்பம் பட்டியலில் விட்டுப்போனால், குடிசை இடிபடும் நாளில் தெருவில் நிற்கப்போவது அவர்கள்தான்.

பகலில் போனால் பூட்டிய கதவுகள்தான் இருக்கும். ஆண்கள் கட்டட வேலைக்கும் லோடு இறக்கவும் போயிருப்பார்கள், பெண்கள் ரேஸ்கோர்ஸ், ஆர்.எஸ்.புரம் பக்கம் வீட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். ஆகவே மாலை ஆறரைக்கு மேல் போவோம். கூடவே யாராவது ஒரு மகளிர் குழுத் தலைவி வருவார். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று எல்லாம் தகரப் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் பையோடு வெளியே வரும். மழைக்காலத்தில் குளம் ஏறி வீடு நனைந்தபோதும் அந்தப் பையை மட்டும் தலைக்கு மேல் தூக்கிக் காப்பாற்றியிருப்பார்கள்.

கணவன் விட்டுப்போன பெண்களைச் சேர்ப்பதுதான் சிரமம். கார்டில் குடும்பத் தலைவர் பெயர் அவனுடையதாக இருக்கும். அவன் எந்த ஊரில் இருக்கிறானென்று யாருக்கும் தெரியாது. படிவத்தில் அவன் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். அதை வெறுமையாக விட்டால் மேலே உள்ள கணினி ஏற்காது. இந்த மாதிரிப் பெண்களுக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் சான்று வாங்கித் தருவதிலேயே என் வேலையின் பெரும்பகுதி போனது. 2015 ஜூனில் தொடங்கிய பிரதமரின் வீட்டுவசதித் திட்டம் வீடு பெண்ணின் பெயரிலோ இருவர் பெயரிலுமோ இருக்க வேண்டும் என்று விதியாகவே வைத்தது. காகிதத்தில் ஒற்றை வரிதான். ஆனால் சண்டை வந்தால் "இது என்ற ஊடு, நீ போ" என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு அந்த ஒற்றை வரி போதுமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பணக் கணக்கு இப்படி இருந்தது. ஜவஹர்லால் நேரு திட்டத்தில் கோவை அளவுள்ள நகரங்களுக்கு மத்திய அரசு பாதி தரும். மீதிப் பாதியை மாநில அரசு, உள்ளாட்சி, பயனாளி மூவரும் பகிர வேண்டும். பயனாளியின் பங்கு குறைந்தது 12 சதவீதம், தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் நலிந்தோருக்கும் 10 சதவீதம். மத்தியப் பணம் ஒரே மூச்சில் வராது, கால் கால் பங்காக நான்கு தவணையில் வரும். ஒவ்வொரு தவணைக்கும் செலவுச் சான்று கேட்பார்கள், சொத்து வரிச் சீர்திருத்தம் செய்தீர்களா, ஏழைகளுக்கென்று பட்ஜெட்டில் தனியாக ஒதுக்கினீர்களா என்றும் கேட்பார்கள். பிரதமர் திட்டத்தில் கணக்கு எளிமையானது. கூட்டாண்மை முறையில் கட்டும் அடுக்குமாடி வீட்டுக்கு மத்திய அரசு ஒன்றரை லட்சம் தரும். மேலே ஆகும் செலவை மாநிலமும் பயனாளியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் உள்ளாட்சியின் இடம் எது? அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதோடு சேர்ந்த பன்னிரண்டாவது அட்டவணையில் குடிசைப் பகுதி மேம்பாடும் நகர்ப்புற வறுமை ஒழிப்பும் நகராட்சிகளின் பணிகளாக எழுதப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் அதற்கு இருபது வருடத்துக்கும் மேலாக முன்பே, 1970-இல், குடிசை மாற்று வாரியம் வந்துவிட்டது. மறு வருடம் அதற்குச் சட்டமும் வந்தது. 2021-இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. எங்கள் ஜனங்களுக்கு அன்றும் இன்றும் அது 'போர்டு'தான். டெண்டர், கட்டுமானம், ஒதுக்கீட்டு ஆணை எல்லாம் போர்டின் கையில். மாநகராட்சியின் கையில் பட்டியல், சில இடங்களில் நிலம், மாமன்றத் தீர்மானம், குடிநீர் இணைப்பு, பாதாளச் சாக்கடை, தெருவிளக்கு, குப்பை வண்டி. போர்டு வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நாலு மாடி, அஞ்சு மாடி கட்டும் பொறியாளர்களும் அனுபவமும் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் கட்டுவது என்ற முடிவு எடுக்கப்படும் மேஜையில், அந்த ஜனங்களை விடியற்காலையிலும் இரவிலும் பார்த்தவர்களுக்கு ஒரு நாற்காலி வேண்டும். இத்தனை வருடம் வேலை செய்ததில் நான் சொல்ல வந்தது அதுதான்.

இடம் எப்படி முடிவாகிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. வருவாய்த் துறையின் அ-பதிவேட்டைப் புரட்டி, எங்கே அரசு புறம்போக்கு ஒரே துண்டாகக் கிடக்கிறது என்று பார்ப்பார்கள். கோவைக்குள் அப்படிக் கிடைக்காது. கிடைக்கிற ஏக்கர்கள் ஊருக்கு வெளியே, பொள்ளாச்சி ரோட்டில் மலுமிச்சம்பட்டி, சரவணம்பட்டிக்கு அப்பால் கீரணத்தம் மாதிரி இடங்களில். திட்டத்தில் ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று தொகை கட்டிவிட்ட பிறகு, நிலத்துக்குப் பணம் போனால் கட்டடத்துக்குப் பற்றாது. விலையில்லா நிலத்தைத் தேடி வீடுகள் நகர எல்லைக்குப் போகின்றன. யாருடைய கெட்ட எண்ணமும் இதில் இல்லை. கணக்கு அப்படி அமைந்திருக்கிறது.

வாலாங்குளம், முத்தண்ணன்குளம், உக்கடம் பெரியகுளம் இவற்றின் கரைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படித்தான் ஊரின் ஓரங்களுக்குப் போனார்கள். நொய்யலை ஒட்டி வரிசையாக இருக்கும் இந்தக் குளங்களைச் சீரமைக்கும் வேலை, 2016 ஜனவரியில் முதல் இருபது நகரங்களில் ஒன்றாகக் கோவை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்த பிறகு வேகமெடுத்தது. குளம் ஊருக்கு வேண்டும். நீர்நிலையில் பட்டா கொடுக்க முடியாது, ஏரிகள் பாதுகாப்புக்கென்று 2007-இல் சட்டமே இருக்கிறது. மழை பெய்தால் முழங்கால் தண்ணீரில் பிள்ளைகளைத் தூக்கி நின்றவர்களும் அங்கேயே காலம் தள்ள ஆசைப்படவில்லை. கேள்வி தூரத்தைப் பற்றியது.

ஒரு கூட்டத்தில் எழுந்து நின்ற ஒரு மூதாட்டி இன்னும் என் மனசில் இருக்கிறார். உக்கடம் மீன் மார்க்கெட்டில் மீன் வாங்கிக் கூடையில் வைத்துத் தெருத் தெருவாக விற்பவர். "ஏனுங் அம்மிணி, ஊடு குடுக்கறீங்க, ரொம்பச் சந்தோசமுங்க. வெடியக்காலம் நாலு மணிக்கு நான் மார்க்கெட்டுல இருக்கோணும். அந்நேரத்துக்கு அங்கிருந்து பஸ் உடுவீங்களா?" மேடையில் இருந்தவர்கள் கோரிக்கையைக் குறித்துக்கொண்டார்கள். நான் அவரிடம் போய், "ஆத்தா, பஸ்ஸுக்கு எழுதிப் போடறோம், முதல் பஸ் எத்தனை மணிக்குன்னு விசாரிச்சுட்டு வந்து சொல்றேன்" என்றேன். முதல் பஸ் அவருக்கு உதவாத நேரத்தில்தான் இருந்தது. அவர் புது வீட்டின் சாவியை வாங்கினார். பிறகு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் தங்கை வீட்டுத் திண்ணையில் வாரத்தில் பாதி நாள் படுத்துக்கொண்டார்.

காலையில் எந்த வேலைக்கு, எத்தனை மணிக்கு, எதில் போகிறீர்கள் என்று அரசாங்கப் படிவத்தில் ஒரு கட்டமும் கிடையாது. வருமானம் கேட்கிறது, சாதி கேட்கிறது, ஆதார் கேட்கிறது, வேறெங்கும் பக்கா வீடு இல்லை என்று உறுதிமொழி கேட்கிறது. எங்கள் குழு அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதத் தொடங்கியது: 'மேட்டுப்பாளையம் ரோடு அண்ணா மார்க்கெட், மூட்டை, இரவு 2'. 'செல்வபுரம், நகைப் பட்டறை, காலை 8'. 'டவுன்ஹால், பூ கட்டுதல், அதிகாலை'. அந்தப் பென்சில் குறிப்புகளை வைத்து ஒரு பகுதிக்குக் கையாலேயே வரைபடம் போட்டோம். எங்கே குடியிருக்கிறார்கள், எங்கே பிழைக்கிறார்கள் என்று கோடு இழுத்துப் பார்த்ததில் கோடுகள் பெரும்பாலும் உக்கடம், டவுன்ஹால், காந்திபுரம் மூன்றிலேயே குவிந்தன. அந்தத் தாள் கோப்பில் போனது. இடத் தேர்வு அதற்கு முன்பே முடிந்திருந்தது.

உக்கடம் சி.எம்.சி. காலனியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் அருந்ததிய மக்கள், தலைமுறைகளாக இருந்த இடம். நகரம் கண் விழிக்குமுன் இவர்கள் தெருவைக் கூட்டி முடித்திருப்பார்கள். உக்கடம்–ஆத்துப்பாலம் மேம்பாலத்துக்காக வீடுகளை விட வேண்டி வந்தபோது அந்த ஜனங்கள் ஒன்றில் உறுதியாக நின்றார்கள், வேறெங்கும் போகமாட்டோம், உக்கடத்திலேயே வேண்டும் என்று. அவர்களிடம் சங்கம் இருந்தது, ஆதரவாக இயக்கங்கள் இருந்தன, எல்லாவற்றுக்கும் மேலாக வேலையின் நேரமே வாதமாக இருந்தது. விடியற்காலையில் வார்டு அலுவலகத்தில் வருகைப் பதிவுக்கு நிற்க வேண்டியவர்களை ஊருக்கு வெளியே குடி வைத்தால் மாநகராட்சிக்கே வேலை நடக்காது. உக்கடத்திலேயே அடுக்குமாடி கட்டுவதென்று முடிவானது. அது கட்டி முடியும் வரை தற்காலிகத் தகரக் கொட்டகைகளில் வெயிலும் மழையும் பட்டுக் காத்திருந்தார்கள். நினைத்ததைவிட நீண்ட காத்திருப்பு அது. மேம்பாலம் 2024 ஆகஸ்ட் 9-இல் திறக்கப்பட்டது. அதன் மேல் வண்டியில் போகும்போது, இவர்கள் கேட்டதைப் போல மற்றவர்களும் கேட்கும் வலு இருந்திருந்தால் குளக்கரை ஜனங்களில் எத்தனை பேர் ஊருக்குள் இருந்திருப்பார்கள் என்ற எண்ணம் எனக்கு வராத நாளில்லை.

நகருக்குள் கட்டுவதிலும் சிக்கல் உண்டு. பழைய குளங்கள், வாய்க்கால்கள் தூர்ந்த இடங்கள்தான் ஊருக்குள் மிச்சம். அம்மன்குளத்தில் 2010-இல் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிகளில் சில மண்ணுக்குள் இறங்கின. உயிர்ச் சேதம் இல்லாமல் தப்பித்தது ஊர் செய்த புண்ணியம். மண்ணைப் பரிசோதிப்பது பொறியாளர்களின் வேலை, அதில் நான் புகமாட்டேன். ஆனால் எந்த மூலையில் எந்த வருடம் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பதை அங்கே பிறந்து வளர்ந்த கிழவர்களைவிடத் துல்லியமாக எந்தப் பதிவேடும் சொல்லாது. வார்டு அளவில் ஒரு மாலை உட்கார்ந்து கேட்டால் வந்துவிடும் தகவல். உள்ளாட்சி பங்கேற்பு என்று திட்ட அறிக்கைகளில் எழுதுவதை நான் இந்த மாலைக் கூட்டமாகத்தான் மனசில் வைத்திருக்கிறேன்.

மாலைக் கூட்டத்தை யார் கூட்டுவது? கவுன்சிலர். டீக்கடையில் கையைப் பிடித்து நிறுத்தலாம், வீட்டு வாசலில் போய் உட்காரலாம், அடுத்த தேர்தலை நினைவூட்டலாம். தமிழ்நாட்டின் நகர உள்ளாட்சிகளுக்கு 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் ஐந்து வருடத்துக்கும் மேலாகத் தனி அலுவலர் ஆட்சி. பிரதமர் வீட்டுத் திட்டமும் ஸ்மார்ட் சிட்டியும் உச்சத்தில் இருந்த வருடங்கள் சரியாக இவைதான். குளக்கரைகள் காலியானதும் ஆயிரக்கணக்கானோருக்கு இடம் குறிக்கப்பட்டதும் மாமன்றத்தில் ஒரு உறுப்பினர்கூட இல்லாத காலத்தில். அதிகாரிகள் பலர் மனசாட்சியோடு உழைத்தார்கள், நான் அருகிலிருந்து பார்த்தேன். ஆனால் அதிகாரி மாறுதலில் போய்விடுவார். 2022-இல் கோவைக்கு முதல் பெண் மேயர் வந்து, நூறு வார்டுக்கும் உறுப்பினர்கள் வந்தபோது, வார்டை விட்டு ஏற்கெனவே போய்விட்டவர்களுக்காகப் பேச அந்த வார்டில் ஆள் இல்லை.

போன இடத்தில் பேச ஆள் இருந்தார்களா? அதுதான் பலர் கவனிக்காத விஷயம். மலுமிச்சம்பட்டிக்கும் கீரணத்தத்துக்கும் எங்கள் ஜனங்கள் போனபோது அவை ஊராட்சிகள். மாநகராட்சிப் பட்டியலில் இருந்து பெயர் எடுத்து, போர்டு கட்டி, ஓர் ஊராட்சியின் எல்லைக்குள் குடியேற்றினால், அந்த ஊராட்சிக்கு ஒரே வருடத்தில் ஒரு சிறு டவுன் முளைத்த மாதிரி. குப்பை எடுக்க அவர்களிடம் இருப்பது சில தூய்மைக் காவலர்கள். தண்ணீர்த் தொட்டி பழைய ஊருக்குக் கணக்குப் போட்டுக் கட்டியது. பள்ளிக்கூடத்தில் திடீரென்று ஒவ்வொரு வகுப்பிலும் பெஞ்சு பற்றாது. உள்ளூர்க்காரர்களுக்கு வந்தவர்கள்மேல் எரிச்சல். வந்தவர்களுக்கு ரேஷன் கார்டு இன்னும் பழைய முகவரியில். பேச்சுவார்த்தையில் மத்திய, மாநில, மாநகராட்சி என மூன்று பேர் இருந்தார்கள். நான்காவதாக வீட்டுக்காரராக மாறப்போகிற ஊராட்சியை யாரும் அழைக்கவில்லை.

ஒரு ஊராட்சித் தலைவர், நியாயமான மனுஷர், என்னிடம் கேட்டார்: "மேடம், உங்க ஊர் ஜனம் எங்க ஊர் ஜனம் ஆயிருச்சு. நாங்க பாத்துக்கறோமுங்க. ஆனா வீட்டோட கூட ஒரு குப்பை வண்டியவாவது அனுப்பியிருக்கலாமில்லீங்க?" அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு மத்தியப் பங்கு இவ்வளவு, மாநிலப் பங்கு இவ்வளவு என்று எழுதும் தாளிலேயே ஏற்றுக்கொள்ளும் உள்ளாட்சிக்கு இவ்வளவு என்று ஒரு வரி எழுதினால் போதும். அவர் கேட்ட வண்டியும் வந்துவிடும்.

வாளையாறு தாண்டினால் வேறு மாதிரி நடக்கிறது. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு நகராட்சிக்கு எங்கள் சிலரைப் பார்வையிட அனுப்பினார்கள். கேரளத்தில் பிரதமர் நகர வீட்டுத் திட்டத்தை நடத்தும் முகமை குடும்பஸ்ரீ, பெண்களின் அயல்கூட்டங்களிலிருந்து மேலே எழுந்த அமைப்பு. மாநிலத்தின் லைஃப் திட்டத்தோடு அதை இணைத்தார்கள். ஒரு வீட்டுக்கு நான்கு லட்சம் என்றால் மத்திய அரசு ஒன்றரை லட்சம், மாநிலம் ஐம்பதாயிரம், மீதி இரண்டு லட்சம் நகராட்சியின் சொந்தத் திட்ட நிதியிலிருந்து. பாதிப் பணம் போடுகிறவர் பேச்சை மற்றவர்கள் கேட்டுத்தானே ஆக வேண்டும். அங்கே வார்டு உறுப்பினர் ஒரு பெண், தன் வார்டில் அஸ்திவாரம் எத்தனை, லிண்டல் மட்டம் எத்தனை, கான்கிரீட் போட்டது எத்தனை என்று நோட்டைப் பார்க்காமல் சொன்னார். நம் ஊரில் உள்ளாட்சிக்கு அந்தப் பணமும் இல்லை, அதனால் அந்தக் குரலும் இல்லை. சொத்து வரியும் தண்ணீர் வரியும் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போனால் மிச்சம் என்ன இருக்கும்?

இன்னும் தொலைவில், அமெரிக்காவில் 1990-இல் வந்த ஹோம் என்ற வீட்டு முதலீட்டுக் கூட்டாண்மைத் திட்டத்தைப் பற்றி ஒரு பயிற்சியில் கேட்டேன். மத்தியப் பணம் சூத்திரப்படி நேராக நகரத்துக்கே போகிறது. நகரம் தன் பங்காக நூற்றுக்கு இருபத்தைந்து போட வேண்டும். என் காதை நிமிர்த்தியது வேறொன்று: தனியாகத் தகுதி பெறாத சிறிய உள்ளாட்சிகள் அக்கம்பக்கத்தில் எல்லை தொட்டிருந்தால் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாகப் பணம் வாங்கலாம். மாநகராட்சியும் மலுமிச்சம்பட்டி ஊராட்சியும் ஒரே தாளில் கையெழுத்திட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் குறைகள் இருக்கும். அவற்றை எழுத நான் தகுதியானவள் அல்ல.

அடுக்குமாடி ஒரு வகை. தன் சொந்த மனையில் தானே கட்டிக்கொள்வது இன்னொரு வகை, பயனாளி தானே கட்டும் முறை. கொங்குச் சீமையின் பேரூராட்சிகளுக்கு இதுதான் ஒத்துவந்தது. மத்தியப் பங்கு ஒன்றரை லட்சமும் மாநிலப் பங்கு அறுபதாயிரமும் சேர்ந்து இரண்டு லட்சத்துப் பத்தாயிரம், அடித்தளம், லிண்டல், கூரை, பூச்சு என்று நான்கு கட்டமாகக் கணக்கில் ஏறியது. ஒவ்வொரு கட்டத்திலும் வீட்டுக்காரரை வீட்டுக்கு முன்னால் நிறுத்திச் செல்போனில் இடக்குறியோடு படம் எடுக்க வேண்டும். முன்னூறு சதுர அடி வீட்டை இப்போதைய கம்பி, சிமென்ட், கொத்தனார் கூலிக்கு ஆறு லட்சத்துக்குக் குறைந்து யாரும் முடித்து நான் பார்த்ததில்லை. மீதிக்குக் குழுக் கடன், நகை அடகு, சில இடத்தில் மீட்டர் வட்டி. லிண்டலோடு நின்றுபோன சுவர்கள் எந்தப் பேரூராட்சியிலும் நாலைந்து இருக்கும்.

இதில் எனக்கு மனசு ஒட்டிய ஊர் சிறுமுகை. நெசவாளர் தெருவில் வீடு என்றாலே உள்ளே குழித்தறி. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் விடிய ஐந்து மணியிலிருந்து பெட்டிச் சத்தம். திட்டத்தின் மாதிரி வரைபடத்தில் ஹால், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை. தறிக்கு இடம் இல்லை. "ஊடு வேணுமுங்க, ஆனா தறிய எங்க வெக்கறதுங்க?" என்று ஒரு நெசவாளர் கேட்டார். பேரூராட்சியில் இருந்த ஓர் இளநிலைப் பொறியாளர் உட்கார்ந்து யோசித்தார். ஹாலையும் படுக்கையறையையும் பிரிக்கும் சுவரைத் தள்ளி, சமையலறையைப் பின்பக்கச் சந்துக்குத் திருப்பி, தரைமட்டத்தில் தறிக்குழிக்கு இடம் விட்டு, விதித்த பரப்புக்குள்ளேயே ஒரு வரைபடம் போட்டார். மேலே அனுப்பினால் காலம் ஆகும் என்பதால், அனுமதிக்கப்பட்ட மாற்றத்துக்குள் நிற்கும்படி அளவெடுத்துப் போட்டார். தெருவில் அதே வரைபடத்தை ஒவ்வொருவராகக் கேட்டு வாங்கினார்கள். டெல்லியிலோ சென்னையிலோ உட்கார்ந்து யாரும் அதைப் போட்டிருக்க முடியாது, தறி அவர்கள் கண்ணில் படவே படாது. உள்ளாட்சிக்கு அந்தத் திட்டத்தில் பெயரளவுக்குத்தான் வேலை இருந்தது. ஆனால் அந்த வேலையைச் செய்தவர் தெருவை அறிந்தவராக இருந்தார்.

பட்டா விவகாரத்தை விரித்தால் தனிக் கட்டுரை ஆகும். தாத்தா பெயரில் கூட்டுப் பட்டா, வாரிசுகள் ஆறு பேர், ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனியில், ஒருவர் கேரளத்தில், ஒரு அத்தை கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார். உட்பிரிவு ஆகாமல் திட்டத்துக்குள் வர முடியாது. வருவாய்த் துறையின் சர்வேயரும் பேரூராட்சி எழுத்தரும் ஒரே நாளில் ஒரே தெருவுக்கு வந்தால் மட்டும் இது தீர்ந்தது. அப்படி ஒரு முகாம் போட்ட ஊர்களில் பட்டியல் நிறைந்தது, போடாத ஊர்களில் ஒதுக்கீடு திரும்பிப் போனது.

இனி பராமரிப்பு. அடுக்குமாடியில் சாவி கொடுத்த அன்றைக்குப் படம் எடுப்பார்கள். அதற்குப் பிறகு மோட்டார் எரிந்தால் யார் மாற்றுவது, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் மின் கட்டணத்தை யார் கட்டுவது என்று தொடங்கும். குடிசையில் இருந்தபோது மாதச் செலவில் இல்லாத கணக்குகள் இவை. மின் கட்டணம், பராமரிப்புத் தொகை, தூரத்துப் பஸ் செலவு, மேலே பயனாளிப் பங்குக்காக வாங்கிய கடனின் தவணை. வீடு இலவசம் என்று வெளியே நினைப்பவர்கள் இந்த மாதக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

2021-க்குப் பிறகு 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்று ஒரு முறை வந்தது. குடியிருப்போர் நலச் சங்கம் பதிவு செய்து, மாதத் தொகை வசூலித்தால் அதே அளவுக்கு அரசும் போடும். நல்ல யோசனை என்றுதான் நான் நினைக்கிறேன். சங்கம் நடக்கும் பிளாக்குகளைப் பார்த்தால் ஒரு பொதுத் தன்மை தெரியும். அங்கே ஏற்கெனவே பழக்கமான அக்கம்பக்கத்தார் ஒரே பிளாக்கில் இருப்பார்கள். குலுக்கலில் வீடு ஒதுக்கும்போது எங்கிருந்தெங்கோ வந்தவர்களைக் கலந்துபோட்டால் ஒருவரை ஒருவர் நம்பிப் பணம் கட்ட வருடங்கள் ஆகும். அதனால் ஒரு குடியிருப்பில் நாங்கள் ஒதுக்கீட்டுக்கு முன்னால் விண்ணப்பம் வைத்தோம்: தெருவைத் தெருவாக, ஒரே பிளாக்குக்குள் குலுக்குங்கள், தரைத்தளத்தை மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் முதலில் விடுங்கள் என்று. தரைத்தளம் கிடைத்தது. தெருவாரியாகப் பாதி நடந்தது, பாதி கலந்துபோனது. கலக்காத பிளாக்கில் ஒரு தூய்மைப் பணியாளர் அக்கா செயலாளர். வசூல் நோட்டு அவரிடம். யார் பாக்கி என்று கேட்டால் பெயர் சொல்லமாட்டார். "அவுங்களுக்கு இந்த மாசம் ஆசுபத்திரிச் செலவுங்க, அடுத்த மாசம் சேத்துக் கட்டிருவாங்க" என்பார். மோட்டார் எரிந்தால் மூன்று நாளில் ஓட வைத்துவிடுகிறார்.

2024 செப்டம்பரில் பிரதமர் வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கியிருக்கிறது. ஐந்து வருடத்தில் நாடு முழுக்க ஒரு கோடி வீடு என்பது இலக்கு. இந்த முறை வாடகை வீட்டுக்கென்றே தனிப் பிரிவும் உண்டு. திருப்பூரிலும் கோவையிலும் லைன் வீடுகளில், பத்துக்குப் பத்து அறையில் நாலு பேராக, வரிசைக்கு ஒரு கழிப்பறையோடு இருக்கிற பனியன், ஃபவுண்டரித் தொழிலாளிகளைக் கணக்கில் எடுத்தால், எங்கள் சீமைக்கு மிகவும் தேவையான பிரிவு இதுதான். நான் பணி முடித்துவிட்டேன். புதிதாகச் சேர்ந்த அமைப்பாளர்கள் சிலர் இன்னும் போனில் கேட்பார்கள், லைன் வீட்டில் யாரைக் குடும்பம் என்று எழுதுவது, நாலு பேரும் தனித்தனி ஊர்க்காரர்கள், ஒரே ஸ்டவ் என்று. நாலு பேரையும் தனித்தனியாக எழுதச் சொல்கிறேன். எந்தக் கம்பெனி, எந்த ஷிப்டு, ஊருக்குப் போய்த் திரும்பும் மாதம் எது என்பதையும் எழுதச் சொல்கிறேன். அந்தத் தாளை வைத்துக்கொண்டு முதலில் பார்க்க வேண்டியது வார்டு உறுப்பினரை. அடுத்து, கட்டடம் ஊராட்சி எல்லையில் வருமென்றால், அந்த ஊராட்சித் தலைவரை, நிலம் முடிவாவதற்கு முன்னால்.